யூரிக் அமிலம் 7.8: மாத்திரையா, காத்திருப்பதா, வேறு வழியா?

சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போயிருந்தபோது, அக்காவும் நானும் ஒரே நாளில் ஒரே லேபில் ரத்தம் கொடுத்தோம். மறுநாள் சாயந்திரம் இரண்டு ரிப்போர்ட்டையும் சாப்பாட்டு மேசையில் பக்கம் பக்கமாக விரித்துவைத்து உட்கார்ந்தோம். எனக்கு யூரிக் அமிலம் 7.8. அக்காவுக்கு 7.4. இரண்டு தாளிலும் அந்த எண் தடித்த எழுத்தில் இருந்தது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரண்டு பேருக்கும் 1.1. லேப் அச்சிட்டிருந்த அளவுக்குள் அது அடங்கிவிட்டதால் அதற்குத் தடித்த எழுத்து இல்லை.

"உனக்கும் உப்பு ஏறிடுச்சாடா தம்பி? கிட்னி போயிடும்னு சொல்றாங்களே" என்றாள் அக்கா.

நம் ஊரில் யூரியாவும் உப்புதான், கிரியேட்டினினும் உப்புதான், யூரிக் அமிலமும் உப்புதான். எது ஏறினாலும் வரும் பயம் ஒன்றே. எனக்குத் தெரிந்த ஒருவர் போனிலேயே, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஃபெபுக்ஸோஸ்டாட் 40 என்று பெயர் சொன்னார். தெருமுனை மெடிக்கலில் சீட்டுகூடக் கேட்காமல் பத்து மாத்திரை அட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். வாங்கி வந்து, பிரிக்காமல் மேசையில் வைத்தேன்.

போடலாமா வேண்டாமா என்று அடுத்த சில வாரங்கள் படித்தேன், டாக்டரிடம் கேட்டேன். கடைசியில் அக்காவும் நானும் வேறு வேறு முடிவுக்கு வந்தோம். அந்த ஒப்பீட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. ஆனால் இதே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கம் கெடுகிறவர்கள் நிறையப் பேர் என்று தெரியும்.

அந்த எண் என்ன சொல்கிறது

நம் உடம்பின் செல்களிலும், சாப்பிடும் உணவிலும் பியூரின் என்ற பொருள் இருக்கிறது. அது சிதையும்போது கடைசியில் மிஞ்சுவது யூரிக் அமிலம். மற்ற பெரும்பாலான பாலூட்டிகளிடம் இதையும் உடைத்துவிடும் யூரிகேஸ் என்ற நொதி உண்டு. மனித இனம் தோன்றுவதற்கு வெகு முன்பே, ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், நம் குரங்கின மூதாதையர் அதை இழந்துவிட்டார்கள். அதனால் நாய்க்கும் எலிக்கும் இருப்பதைவிட நமக்கு ரத்தத்தில் யூரிக் அமிலம் இயல்பாகவே அதிகம்.

வெளியேறும் யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகம் வழியாகப் போகிறது, மீதி குடல் வழியாக. சிறுநீரகமும் வடிகட்டியதை எல்லாம் வெளியே விடுவதில்லை, 90 சதவீதம் போல மறுபடி ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. அது முழுக்க முழுக்க விஷம் என்றால் உடம்பு ஏன் இப்படிப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்ள வேண்டும்? பிறவியிலேயே யூரிக் அமிலம் மிகக் குறைவாக உள்ள சிலருக்குக் கடும் உடற்பயிற்சிக்குப் பிறகு சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்படுவதும் மருத்துவத்தில் பதிவான விஷயம்.

7 என்ற எல்லை எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொண்டால் பயம் கொஞ்சம் குறையும். உடல் வெப்பநிலையில் ஒரு டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராம் வரைதான் யூரேட் கரைந்த நிலையில் நிற்கும். அதைத் தாண்டினால் படிகமாக மாறும் வாய்ப்பு இருக்கிறது. வாய்ப்புதான், தாண்டிய எல்லோருக்கும் படிவதில்லை. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வரை இயல்பான அளவே குறைவு என்பதால் லேப் தாளில் அவர்களுக்கு 6 என்று போட்டிருப்பார்கள்.

இன்னொன்று: நான் ரத்தம் கொடுத்தது, ராத்திரி பஸ்ஸில் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காமல் வந்து இறங்கிய காலையில். உடம்பில் நீர் வற்றினால் யூரிக் அமிலம் ஏறிக் காட்டும். முதல் நாள் கறி விருந்து, பீர், கடும் பட்டினி எல்லாமே எண்ணை மேலே தள்ளும். டாக்டர் முதலில் சொன்னது, இரண்டு வாரம் கழித்து நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லித்தான். பார்த்தேன், 7.6. பெரிய மாற்றம் இல்லை, ஆனால் ஒரு தாளை நம்பி முடிவெடுக்கவில்லை என்ற நிம்மதி கிடைத்தது.

சிறுநீரகத்தைக் கெடுக்குமா?

இந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் கிடைக்காததுதான் குழப்பத்துக்கே காரணம். சில பாதிப்புகளில் சந்தேகமே இல்லை. ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ கொடுக்கும்போது செல்கள் கூட்டமாகச் செத்து, யூரிக் அமிலம் வெள்ளமாக வந்து சிறுநீரகக் குழாய்களை அடைத்துவிடலாம். அது அவசர நிலை, அதற்கு மருந்து கட்டாயம். அடுத்தது யூரிக் அமிலக் கல். சிறுநீரின் பி.எச். 5.5க்குக் கீழே, அதாவது அமிலத்தன்மை கூடுதலாக, இருப்பவர்களுக்கு இந்தக் கல் சுலபமாகச் சேரும். சர்க்கரை நோயும் உடல் பருமனும் உள்ளவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. ஆனால் சிறுநீரைக் காரத்தன்மைக்குக் கொண்டுவந்தால் கரைந்தே போகும் அபூர்வமான கல் இது.

எங்கள் இருவருக்கும் இதில் எதுவும் இல்லை. எங்களைப் போல, வலி எதுவும் இல்லாமல் 7, 8 என்று ஓடிக்கொண்டிருக்கும் யூரிக் அமிலம் மெல்ல மெல்லச் சிறுநீரகத்தை அரிக்கிறதா என்பதுதான் கேள்வி.

அரிக்கிறது என்று சொல்ல ஆதாரம் இருந்தது. வியன்னாவில் 21,475 ஆரோக்கியமான மனிதர்களைச் சுமார் ஏழு ஆண்டுகள் கவனித்து, 2008இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 7க்கும் 8.9க்கும் இடையில் இருந்தவர்களுக்குப் புதிதாகச் சிறுநீரகக் குறைபாடு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 9க்கு மேல் போனவர்களுக்கு மூன்று மடங்கு. பி.பி., எடை, சர்க்கரை போன்றவற்றின் பங்கைக் கழித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் வெகுவாகச் சுருங்கியது, ஆனால் மறையவில்லை. அதற்கு முன்பே, 2001 வாக்கில், எலிகளிடம் யூரிகேஸ் நொதியை மருந்தால் முடக்கி யூரிக் அமிலத்தை லேசாக ஏற்றிப் பார்த்திருந்தார்கள். எலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரகத்துக்குள் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் தடித்தது. யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் மருந்தைக் கொடுத்தபோது அது வரவில்லை. இதைப் படித்த அன்று ராத்திரி அட்டையைப் பிரித்துவிடலாம் என்றே தோன்றியது.

பிரிக்காததற்குக் காரணம், டாக்டர் கேட்ட ஒரு கேள்வி. "சிறுநீரகம் மெதுவா வேலை செஞ்சா யூரிக் அமிலம் தேங்கும். அப்ப எது முதல்ல வந்தது?" வடிகால் அடைத்தால் தெருவில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நிற்பதைப் பார்த்து, இந்தத் தண்ணீர்தான் வடிகாலை அடைத்தது என்று சொல்ல முடியாது. இதைச் சோதிக்க மரபணு வழியிலும் பார்த்திருக்கிறார்கள். யூரிக் அமிலம் கூடுதலாக இருக்கும்படியான மரபணுக்களோடு பிறந்தவர்கள், வாழ்நாள் முழுக்க அந்தக் கூடுதல் அளவோடு வாழ்கிறவர்கள். அதுதான் காரணம் என்றால் அவர்களுக்குச் சிறுநீரக நோய் அதிகம் வந்திருக்க வேண்டும். பெரிய ஆய்வுகளில் அப்படித் தெளிவாக வரவில்லை. யூரிக் அமிலப் படிகம் மூட்டில் சேர்ந்து வலிக்கும் கவுட் வருவது மட்டும் அந்த மரபணுக்களோடு அப்படியே ஒத்துப்போனது.

முதல் வழி: மாத்திரை

அலோபியூரினாலும் ஃபெபுக்ஸோஸ்டாட்டும் யூரிக் அமிலம் உருவாகும் இடத்திலேயே தடுப்பவை. எண்ணைக் குறைப்பதில் இரண்டுமே கெட்டி. 7.8ஐ 5க்குக் கொண்டுவர ஒரு மாதம் போதும். நமக்கு வேண்டியது எண்ணா, சிறுநீரகமா என்பதில்தான் கவனம் வேண்டும்.

சிறிய ஆய்வுகள் முதலில் நம்பிக்கை தந்தன. 2006இல் ஹாங்காங்கில் 54 பேரிடமும், 2010இல் ஸ்பெயினில் 113 பேரிடமும் அலோபியூரினால் கொடுத்து, சிறுநீரகம் கெடும் வேகம் குறைந்ததாகச் சொன்னார்கள். 2015இல் கொல்கத்தாவில் நூறு பேர் அளவில் ஆறு மாதம் ஃபெபுக்ஸோஸ்டாட் கொடுத்துப் பார்த்ததிலும் பலன் தெரிந்தது. நம் நாட்டு டாக்டர்கள் பலர் இந்த மாத்திரையை எழுதியதற்கு இப்படி ஒரு பின்னணி உண்டு. அவர்கள்மேல் தப்பு சொல்ல மாட்டேன்.

அப்புறம் பெரிய ஆய்வுகள் வந்தன. ஜப்பானில் 400க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஃபெதர் ஆய்வு 2018இல் வெளியானது. சிறுநீரகத் திறன் பாதியளவுக்குக் குறைந்திருந்த, கவுட் இல்லாதவர்களுக்கு 108 வாரம் ஃபெபுக்ஸோஸ்டாட் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. 2020இல் இரண்டு ஆய்வுகள் ஒரே சமயத்தில் வெளியாயின. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் நடந்த சிகேடி-ஃபிக்ஸ் ஆய்வில் 369 பேர். அலோபியூரினால் சாப்பிட்டவர்களுக்கு ஆண்டுக்கு 3.33 என்ற அளவில் சிறுநீரகத் திறன் இறங்கியது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 3.23. வித்தியாசமே இல்லை என்று அர்த்தம். இரண்டாவதான பெர்ல் ஆய்வில் டைப் 1 சர்க்கரை உள்ள 530 பேர், மூன்று ஆண்டுகள். யூரிக் அமிலம் 6.1இலிருந்து 3.9க்கு அழகாக இறங்கியது. சிறுநீரகத் திறனோ இரு பக்கமும் ஒரே எண்ணில் வந்து நின்றது.

சிகேடி-ஃபிக்ஸ் ஆய்வில் ஒரு குறை உண்டு. 620 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு, ஆள் கிடைக்காமல் பாதியில் சேர்க்கையை நிறுத்தினார்கள். ஏற்கெனவே நோய் முற்றியவர்கள் என்பதால் பலன் தெரியவில்லை என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வாதத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆனாலும் மூன்று ஆய்வுகள் ஒரே பக்கம் சாயும்போது, அறிகுறியே இல்லாத ஒருவர் வாழ்நாள் முழுக்க ஒரு மாத்திரை சாப்பிட அது போதிய காரணமாக எனக்குப் படவில்லை. சிறுநீரக நோய்க்கான சர்வதேச அமைப்பான கேடிகோ 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது: அறிகுறி இல்லாமல் யூரிக் அமிலம் மட்டும் கூடியிருந்தால், சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதற்காக என்று அதைக் குறைக்கும் மருந்து வேண்டாம். ஜப்பானில் மட்டும் வழக்கம் வேறு. 9ஐத் தாண்டினாலும், கூடவே பி.பி., சிறுநீரகக் குறை போன்றவை இருந்து 8ஐத் தாண்டினாலும் மருந்தை யோசிக்கச் சொல்கிறார்கள்.

பக்கவிளைவைச் சொல்லாமல் விட்டால் ஒப்பீடு முழுமையாகாது. அலோபியூரினால் பலருக்கும் ஒன்றும் செய்யாது. ஆனால் ஆயிரத்தில் ஒருவர், இருவர் என்ற அரிய கணக்கில் தோலே உரிந்து உயிருக்கு ஆபத்தாகும் ஒவ்வாமை வரும், பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், ஆரம்பத்திலேயே அதிக அளவில் எடுத்தவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். அதனால்தான் 100 மில்லிகிராமிலோ அதற்கும் கீழேயோ தொடங்குகிறார்கள். தோலில் தடிப்பு, வாயில் புண், காய்ச்சல் வந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு ஓட வேண்டும். ஃபெபுக்ஸோஸ்டாட் விஷயத்தில், 6,000க்கும் மேற்பட்ட கவுட் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் இதய மரணம் அலோபியூரினாலைவிடக் கூடுதலாகத் தெரிந்ததால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் மருந்துத் தாளில் எச்சரிக்கை போட வைத்தது. அடுத்து ஐரோப்பாவில் நடந்த ஆய்வில் அப்படிக் கூடுதல் இல்லை. சண்டை இன்னும் முடியவில்லை. எப்படியானாலும், இது சீட்டில்லாமல் கவுண்டரில் நீட்டி வாங்கும் மாத்திரை இல்லை. நான் வாங்கியது தப்பு.

இந்த மாத்திரை யாருக்கு வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகும் வலி அடிக்கடி வருகிறவர்கள். மூட்டிலோ காதிலோ சுண்ணாம்புக் கட்டி போலச் சேர்ந்தவர்கள். ஒரு தடவைதான் கவுட் வந்தது, ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனம் அல்லது எண் 9க்கு மேல் என்கிறவர்கள். இவர்கள் மாத்திரைக்குப் பயந்து, வலி வரும்போதெல்லாம் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தால் அந்த வலி மாத்திரைதான் கிட்னிக்கு நேரடிக் கெடுதல். எனக்கு இது நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. எங்கள் தெருவிலேயே, குதிகால் வலிக்கு யூரிக் ஆசிட் என்று தானே பெயர் வைத்துக்கொண்டு, மாசக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும். குதிகால் வலியில் பெரும்பாலானவை பாதத்தின் அடித்தசை நார் இழுபடுவதால் வருபவை.

இரண்டாவது வழி: சாப்பாடு, தண்ணீர், எடை

ரிப்போர்ட் வந்த மறுநாளே அக்கா பருப்பை நிறுத்திவிட்டாள். சாம்பார் கிடையாது, கீரை கிடையாது, காளான், காலிஃபிளவர் எதுவும் கிடையாது. ரசமும் அப்பளமுமாக ஒரு வாரம் ஓடியது. இது தேவையே இல்லாத தண்டனை. அமெரிக்காவில் 47,150 ஆண்களைப் 12 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2004இல் வெளியான ஆய்வில், பியூரின் உள்ள காய்கறிகளும் பருப்பும் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் கூடவில்லை. கூட்டியது இறைச்சியும் கடல் உணவும். பாலும் தயிரும் சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது. பருப்பை நிறுத்திய வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஈரல் வறுவலும் சுவரொட்டியும் நெத்திலிக் கருவாடும் நடந்துகொண்டிருந்தால் கணக்கு தலைகீழ். ஆட்டு எலும்பு சூப்பும் அப்படித்தான், கறியில் உள்ள பியூரின் சாறில் இறங்கிவிடும்.

என் விஷயத்தில் ஈரல் குற்றவாளி இல்லை. சாயந்திரம் ஆபீஸ் வாசலில் குடிக்கும் கூல்டிரிங்க்ஸும், பாக்கெட் ஜூஸும், வாரக் கடைசி பீரும்தான். சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ் என்ற இனிப்பு. நம் ஈரல் அதை உடைக்கும் வேகத்தில் யூரிக் அமிலம் உற்பத்தியாகிறது. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் தேன், நாட்டுச்சர்க்கரை என்று மாறினாலும் ஃப்ரக்டோஸ் அங்கேயும் இருக்கிறது. அளவைக் குறைத்தால்தான் உண்டு.

ஆனால் இந்த வழியின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். உடம்பில் உருவாகும் யூரிக் அமிலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் சாப்பாட்டிலிருந்து வருகிறது. எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தாலும் பெரும்பாலும் ஒரு மில்லிகிராம் சுற்றி இறங்கும், அவ்வளவுதான். எடை குறைந்தால் இன்னும் கொஞ்சம். அதையும் நிதானமாகக் குறைக்க வேண்டும். பேலியோ, கீட்டோ என்று திடீரென்று மாறினால் கீட்டோன்கள் சிறுநீரகத்தில் யூரிக் அமிலத்தோடு போட்டி போடும், எண் மேலே ஏறும். அப்படி ஏறிப் பதறியவர்கள் என் நண்பர் வட்டத்திலேயே உண்டு.

தண்ணீர் விஷயம் எளிது: கல் வந்தவர்களுக்குச் சிறுநீர் ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் போகும்படி குடிப்பது நல்ல பாதுகாப்பு. வெயிலில் நிற்கும் வேலை என்றால் இன்னும் அதிகம். இதயம் பலவீனமானவர்களும், கிட்னி முற்றிக் கெட்டவர்களும் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

வாழைத்தண்டு, மூக்கிரட்டை, நெருஞ்சில் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கூட்டு செய்து சாப்பிடுவதில் எனக்குப் பயமில்லை. பச்சைச் சாறாக டம்ளர் டம்ளராகக் குடிப்பதுதான் கவலை. கேரளத்தில் இரும்பன்புளி என்ற காயின் சாற்றைக் கொழுப்பு குறையும் என்று நிறையக் குடித்த சிலருக்கு, அதிலுள்ள ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் திடீரென்று செயலிழந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

மூன்றாவது வழி: எண்ணை விட்டு, காரணத்தைப் பிடிப்பது

எனக்குப் பிடித்தது இந்த வழி. எங்கள் இரண்டு ரிப்போர்ட்டும் பிரிந்த இடமும் இதுதான்.

டாக்டர் இரண்டு தாளிலும் இருந்த 1.1 கிரியேட்டினினைப் பேனாவால் வட்டமிட்டார். "ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, வயதையும் பாலினத்தையும் சேர்த்து, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று சொல்லும் ஈ.ஜி.எஃப்.ஆர். கணக்கைப் போட்டுக் காட்டினார். 52 வயது ஆணான எனக்கு 81 வந்தது. 62 வயது பெண்ணான அக்காவுக்கு 57. அதே 1.1தான். 60க்குக் கீழே இருந்து அது மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரகக் குறைபாடு என்றே பெயர். தடித்த எழுத்தில் இருந்த யூரிக் அமிலத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தோம். பயப்பட வேண்டிய எண் சாதாரண எழுத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தது.

அடுத்து, இரண்டு பேருக்கும் சிறுநீரில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் பார்க்கச் சொன்னார். 30க்குள் இருக்க வேண்டும். எனக்கு 9. பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை உள்ள அக்காவுக்கு 68. சிறுநீரகத்தின் சல்லடையில் புரதம் கசியத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

அப்புறம் அக்காவின் மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்தார். பி.பி.க்கு அவள் சாப்பிட்டது டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை. அந்த இரண்டாவது மருந்து நீர் பிரிய வைப்பது. யூரிக் அமிலத்தை உடம்பில் தங்க வைப்பதும் அதன் குணம். பி.பி. மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'எச்' என்ற எழுத்து இருந்தால் பெரும்பாலும் இது உள்ளே இருக்கும். தினமும் போடும் குறைந்த அளவு ஆஸ்பிரின், டி.பி.க்குக் கொடுக்கும் பைராசினமைடு, உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு தரும் டாக்ரோலிமஸ் எல்லாம் இப்படி ஏற்றுபவைதான். அதற்காக நாமாக எதையும் நிறுத்தக் கூடாது. பி.பி. ஏறினால் கிட்னிக்கு வரும் கெடுதல், யூரிக் அமிலத்தைவிடப் பல மடங்கு நிச்சயமானது.

டாக்டர் அக்காவுக்குச் செய்த மாற்றம் இவ்வளவுதான்: டெல்மிசார்டானை அப்படியே வைத்துக்கொண்டார், ஏனென்றால் புரதக் கசிவைக் குறைப்பதில் அதற்குப் பங்கு உண்டு. தயசைடை எடுத்தார். சர்க்கரைக்கு டபாகிளிஃப்ளோசின் சேர்த்தார். இந்த மருந்து 2020இல் வெளியான, 4,304 பேர் கலந்துகொண்ட ஆய்வில் சிறுநீரகம் கெடும் வேகத்தை உண்மையாகவே குறைத்தது, சர்க்கரை இல்லாதவர்களுக்கும்கூட. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும்போது கூடவே யூரிக் அமிலத்தையும் இழுத்துக்கொண்டு போகும். பி.பி. மருந்துகளில் லோசார்டானுக்கும் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் குணம் உண்டு.

எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு இது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. யூரிக் அமிலத்தைக் குறைக்க என்றே வந்த மாத்திரை, ஆய்வுகளில் சிறுநீரகத்தைக் காக்கவில்லை. சிறுநீரகத்தைக் காக்க வந்த மாத்திரை, யூரிக் அமிலத்தையும் சேர்த்துக் குறைக்கிறது.

டபாகிளிஃப்ளோசினிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. சிறுநீர் போகும் இடத்தில் பூஞ்சைத் தொற்று வரலாம், சுத்தம் முக்கியம். வாந்தி, பேதி வந்து சாப்பிட முடியாத நாட்களில் நிறுத்தி வைத்து டாக்டரைக் கேட்க வேண்டும்.

சும்மா இருப்பதும் ஒரு வழிதான்

எனக்குக் கிடைத்த முடிவு இது. ஈ.ஜி.எஃப்.ஆர். நன்றாக இருக்கிறது, புரதம் கசியவில்லை, கவுட் வந்ததில்லை, கல் இல்லை. மாத்திரை வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தமும் சிறுநீரும் பார்த்தால் போதும். யூரிக் அமிலம் 9க்கு மேல் இருந்தவர்களிலேயே ஐந்து ஆண்டுகளில் கவுட் வந்தது ஐந்தில் ஒருவருக்குத்தான் என்று அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்களின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. அறிகுறி இல்லாத 24 பேர் மூன்று ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டால் ஒரே ஒருவருக்கு ஒரு தடவை கவுட் வலி தவிரும். அந்த 24 பேரில் ஒருவனாக இருக்க எனக்கு விருப்பமில்லை.

சும்மா இருப்பது என்றால் மறந்துவிடுவது இல்லை. என் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 5.9, ஈரலில் கொழுப்பு, எடை 84 கிலோ. 7.8 என்ற எண் தனியாக வரவில்லை, இந்தக் கூட்டத்தோடுதான் வந்திருந்தது. கூல்டிரிங்க்ஸை விட்டேன், பீரை விட்டேன், காலையில் நாற்பது நிமிடம் நடக்கிறேன். ஐப்பசியில் பார்த்தபோது 79 கிலோ, யூரிக் அமிலம் 7.1. இன்னமும் தடித்த எழுத்துதான். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அக்காவுக்கு ஆடி மாதமே மறுபரிசோதனை. யூரிக் அமிலம் 6.3, சிறுநீரில் புரத விகிதம் 41. ஆனால் ஈ.ஜி.எஃப்.ஆர். 57இலிருந்து 54க்கு இறங்கியிருந்தது. போனில் குரலே உடைந்துவிட்டது. "எல்லாம் குறைஞ்சும் இது இறங்கிடுச்சேடா."

டபாகிளிஃப்ளோசின் சிறுநீரகச் சல்லடைக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைப்பதால் முதல் சில வாரங்களில் இந்த எண் கொஞ்சம் இறங்குவது எதிர்பார்த்ததுதான் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லி, சீட்டின் பின்பக்கத்தில் எழுதியும் கொடுத்திருந்தார். அதை எடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்தாள். ஐப்பசியில் மறுபடி பார்த்தபோது அது 55இல் நின்றது. சாம்பார் திரும்பி வந்துவிட்டது. நான் வாங்கி வைத்திருந்த அந்த மாத்திரை அட்டை பிரிக்காமலேயே இருந்தது. போன வாரம் மெடிக்கலில் திருப்பிக் கொடுத்தேன்.